மேஸ்திரி கழுவிய படிகள்

நேற்று கணக்கர் விழுந்தார். இன்று காலை மூட்டைக்காரர். சோப்புத் தொழிற்சாலையின் மாடிப்படி ஆள் பார்த்துத் தள்ளிவிடுவதில்லை.

போனில் முதலாளி கத்தினார். "யோவ் மேஸ்திரி, மதியம் அதிகாரி சோதனைக்கு வர்றாரு. ஏதாவது ஏடாகூடமாச்சு, நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம்!"

எதைச் சோதிக்க என்று கேட்பானேன்? படியைத்தான். சோப்புக்குப் போடும் காரச்சோடாவில் வெந்து வெடித்த கையால் மேஸ்திரி அதைத் தடவிப் பார்த்தார். மாடியிலிருந்து இறங்குகிறவர்கள் காலோடு கொண்டுவந்த சோப்புத்தூள் அப்பிக் கிடந்தது.

"தண்ணி ஊத்திக் கழுவுங்க!"

தண்ணீர் பட்டதும் தூள் கூழானது. பெட்டி அடுக்கும் அக்கா உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தாள்.

"முன்னெல்லாம் நடந்து வருவோம் மேஸ்திரி. இப்ப சுருக்கா வந்துடலாம்போல."

"வாய மூடிக்கிட்டு தேய்ங்க!"

"எதப் போட்டுத் தேய்க்க?"

வாலிபத்திலிருந்து எந்த அழுக்குக்கும் ஒரே மருந்துதான் அவருக்குத் தெரியும். "இதென்ன கேள்வி? சோப்பப் போட்டுத்தான்!"

தேய்த்தார்கள். நுரை கணுக்காலுக்கு வந்தது. அடங்கட்டும் என்று இன்னும் தண்ணீர் ஊற்றினார்கள். முழங்காலுக்கு வந்தது. வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்தார் மேஸ்திரி. அதுவும் சோப்புத்தூள் வந்த சாக்கு. மிதித்தவரை ஏற்றிக்கொண்டு அது இறங்கியது. பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டினார். நுரையில் கயிறே காணாமல் போனது.

"அண்ணே, படி எங்க?" என்றது மேலிருந்து ஒரு குரல்.

"இருந்த எடத்துலதான் இருக்கு. நீ அங்கேயே இரு!"

அதிகாரி வெளிப்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி ஏற்கெனவே மாடிக்குப் போயிருந்தது யாருக்கும் தெரியாது. அவர் படியில் ஒரு காலை வைத்தார். மற்றக் காலுக்கு வேலை வரவில்லை. சாக்கின்மேல் சப்பணமிட்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி, கூடத்தைக் கடந்து சோப்புக் காய்ச்சும் கொப்பரை அருகில் போய்ச் சேர்ந்தார். காதுவரை நுரை.

"ஐயா, அடி பட்டுச்சா?" மேஸ்திரி ஓடினார். "நான் புள்ளகுட்டிக்காரன்யா! வேலைய விட்டா வேற கதி இல்ல..."

அதிகாரி உள்ளங்கையில் கொஞ்சம் நுரையை அள்ளினார். உற்றுப் பார்த்தார். ஊதினார்.

தீர்ந்தது என்று சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார் மேஸ்திரி.

சத்தம் கேட்டு ஓடிவந்த அதிகாரியின் டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் மேஸ்திரியின் தோளைத் தட்டினார்.

"ஏங்க அழுவுறீங்க? உங்க சோப்புல பொட்டு நுரைகூட வரலன்னு புகார் வந்துதான் ஐயா சோதிக்க வந்தாரு!"