உடைந்த உருண்டைக்கு முதல் பரிசு

எங்கள் தெருவில் பழசுக்கு மவுசு வந்தது போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில். அதுவரை கிறிஸ்துமஸ் மரத்தில் பழைய சாமான் தொங்கினால், புதுசு வாங்க வக்கில்லை என்று அர்த்தம். திடீரென்று அதற்கே ரசனை என்று பெயர் வந்துவிட்டது. பல் டாக்டர் துருப்பிடித்த தகர மணியை வாசலில் மாட்டினார். வங்கிக்காரர் புது நட்சத்திரத்தை வாங்கி, நிறம் வெளுக்கட்டும் என்று மொட்டைமாடியில் ஒரு வாரம் காயப்போட்டார்.

இவர்களுக்கெல்லாம் முன்னாலிருந்தே சேர்த்தவர் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, ஒன்பது வருஷத்தில், மரத்தில் தொங்கவிடும் பன்னிரண்டு கண்ணாடி உருண்டைகள் சேர்த்திருந்தார். வாயால் ஊதிச் செய்த மெல்லிய கண்ணாடி. உள்ளே வெள்ளிப் பூச்சு. ஒவ்வொன்றையும் வெட்டுத்துணியில் சுற்றி வைப்பார். புருஷனைக்கூடத் தொட விடமாட்டார்.

அந்த வருஷம் நகராட்சி ‘தொன்மைமிகு கிறிஸ்துமஸ் அலங்காரப் போட்டி’ அறிவித்தது. பொருள் ஐம்பது வயதுக்குக் குறையாதது என்று தொன்மைப் பிரிவு அலுவலரிடம் சான்றிதழ் பெற வேண்டும். அக்கா பெட்டியோடு கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

தொன்மைப் பிரிவு புத்தம் புதிதாக இருந்தது. நாற்காலிகளின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அலுவலர் முதலில் ரசீது கேட்டார். ஐம்பது வருஷத்து ரசீதுக்கு எங்கே போவேன் என்றார் அக்கா. அப்படியானால் செய்தவர் நேரில் வந்து கையெழுத்திடலாம் என்று அலுவலர் பெரிய மனதோடு விதியைத் தளர்த்தினார். அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்றதும் இறப்புச் சான்றிதழ் கேட்டார். பிறகு ஒரு உருண்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

“பளபளன்னு இருக்கேம்மா. பழசுன்னா தூசி இருக்கணுமே?”

“துடைச்சு வெச்சிருக்கேன் சார்.”

“எங்களைக் கேக்காம வயசைத் துடைக்கலாமா?”

அலுவலர் கோப்பைப் புரட்டி மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார்: நேரடி ஆய்வு. இப்போது வரும் பிளாஸ்டிக் உருண்டை விழுந்தால் உடையாது. பழைய கண்ணாடி உடையும். இதை விளக்கிக்கொண்டே, உருண்டையைப் பிடித்திருந்த கையை விரித்துவிட்டார்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சின்ன நொறுங்கல். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அலுவலரோ, அசல்தான், சந்தேகமே இல்லை என்று பாராட்டி, அங்கேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மேற்படி உருண்டை உரிய ஆய்வுக்குப் பின் தொன்மையானதென உறுதி செய்யப்படுவதாகவும், அதை எங்கும் காட்சிக்கு வைக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. மிச்சம் பதினொன்றையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார். அக்கா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சான்றிதழ் இல்லாததை மரத்தில் மாட்டக்கூடாதே. கோபத்தில் அந்தத் தாளை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். நடுவர்கள் வந்தார்கள். மற்ற வீடுகளில் பொருள் இருந்தது, தாள் இல்லை. இங்கே தாள் இருந்தது. முதல் பரிசு அக்காவுக்கு.

மறு வருஷம் தொன்மைப் பிரிவு வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை. ஆளுக்கொரு பெட்டி. உள்ளே நொறுங்குவது தெருவரை கேட்டது. கண்ணாடிச் சில்லு கூட்ட மட்டும் புதிதாக இரண்டு பேரை நியமித்திருந்தார்கள். அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“எத்தனைக்கா கொண்டு வந்தீங்க?”

“ஆறு போதும்னுதான் நினைச்சேன். பல் டாக்டர் எட்டு கொண்டு வந்திருக்காராம். அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

பாவமாக இருந்தது. ஆனால் என் வீட்டில் உடைப்பதற்குப் பழசு எதுவும் கிடையாது. அவரிடம் ஒன்று இரவல் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தேன்.