அமிர்தத்துக்குப் பார்த்த வக்கீல்

கள்ளக்குறிச்சி,
செப்டம்பர் 1987

என்றும் மரியாதைக்குரிய மாமா கண்ணாயிரம் அவர்கள் சமூகத்திற்கு, மைத்துனன் கொளஞ்சியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. சின்னசேலத்தில் தாங்களும் அக்காவும் அமிர்தமும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மாமா, நேற்று ராத்திரி முழுக்க நான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன்! இந்த வயதில் எனக்கு இது தேவையா? கண் மூடவில்லை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

"அமிர்தத்துக்குப் பார்த்திருக்கிற அந்த வக்கீல் தமிழரசன் தொழிலில் கெட்டிக்காரனா என்று தாய்மாமன் நீயே போய்ப் பார், யார் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே" என்று நீங்கள் சொன்னபடி நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் வரை கோர்ட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைச் சொன்னால் அக்காவுக்கு மயக்கம் வரும். எதிர்க்கட்சி வக்கீல் மேஜையைக் குத்திப் போட்ட சத்தம் ரோட்டு டீக்கடை வரை கேட்டது, அவரல்லவா வக்கீல்! நம்மவர் எழுந்தார், சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "போதுங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் கல்வராயன் மலையிலிருந்து ஒருத்தர் பீஸுக்குச் சாமை மூட்டையோடு இறங்கி வந்து, தம்பி மேல் வழக்குப் போட வேண்டும் என்கிறார். நம்மவர் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்க பக்கம் கேஸே இல்லீங்க. மூட்டையத் தூக்கிக்கினு போயி தம்பி வூட்டுலயே எறக்குங்க, பேசி முடிச்சுக்குங்க" என்கிறார். கடைக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிற வியாபாரியை நீங்கள் எங்கேயாவது பார்த்தது உண்டா?

டீக்கடைக்காரரிடம் மெல்ல விசாரித்தேன். "அவரா? தப்புன்னு தெரிஞ்சா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாருங்க" என்றார். இப்படிச் சொன்னால் யார் கேஸ் கொண்டுவருவார்கள், மாமா?

அதற்கு மேல்தான் மாமா என் கஷ்டகாலம். சாயங்கால பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் என்று மத்தியானமே புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். நாலா பக்கமிருந்தும் வருகிற செய்தி நல்லதாக இல்லை, மனசு அடித்துக்கொள்கிறது. முட்டிவலி தாளாமல் வெட்டின மரத்தின் மேலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் லாரி வந்ததும் கால் உள்ளவன் எல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள் பாய்ந்துவிட்டான். நான் எழுந்து நிற்பதற்குள் பிடித்துவிட்டார்கள். "இன்னாய்யா, மரத்த நீதான் வெட்டினியா?" என்று ஒரு போலீஸ்காரர் அதட்டுகிறார். என் கையில் இருந்தது குடை, மாமா. குடையால் புளியமரத்தை வெட்டினேனாம்!

இன்று காலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். பிடிபட்டவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் ஆஜராக ஒரு வக்கீல் முன்வந்தார். யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான்! எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "எதற்காகக் கள்ளக்குறிச்சி வந்தீர்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மாப்பிள்ளையை வேவு பார்க்க என்று மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "மாடு வாங்க, சந்தைக்குங்க" என்றேன். "நேற்று ஏதய்யா சந்தை?" என்கிறார்!

உடனே நம்மவர் என் காதருகே குனிந்து, "பொய் சொல்லாதீங்க. நேத்து பூரா எங்க கோர்ட்டு பெஞ்சுலதான குந்திக்கினு இருந்தீங்க?" என்றார். அப்புறம் செய்தார் பாருங்கள் ஒரு காரியம்! கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, "ஐயா, மரம் விழுந்த நேரத்தில் இவர் இங்கே இருந்ததை நானே பார்த்தேன். இனி இவருக்கு நான் சாட்சி, வக்கீலாக நிற்கக் கூடாது" என்று பக்கத்து வக்கீலிடம் என்னை ஒப்படைத்துவிட்டார். நட்டாற்றில் கைவிடுவது என்றால் இதுதானே, மாமா?

"அப்படியானால் எதற்கு வந்தீர், உண்மையைச் சொல்லும்" என்றார் மாஜிஸ்திரேட். "இவரைத்தாங்க பாக்க வந்தேன், எங்க அக்கா பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டேன். கோர்ட்டே சிரித்தது. "பார்த்தாயிற்றா?" என்றார். பொய் சொல்லக் கூடாது என்றார்களே, அந்தப் பயத்தில், "பாத்தேங்க, திருப்தி இல்லீங்க" என்று உளறிவிட்டேன். மாஜிஸ்திரேட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவ்வளவு உண்மை பேசுகிறவரை அனுப்பிவிடலாம் என்று விட்டுவிட்டார்.

ஆகவே மாமா, சத்தம் இல்லை, வந்த கட்சிக்காரரைத் துரத்துகிறார், பாதியில் கோட்டைக் கழற்றுகிறார். இவர் கெட்டிக்காரர் இல்லை. நம் அமிர்தம் இவரிடம் போய்க் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது. இந்தச் சம்பந்தம் வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம். அமிர்தம் மனம் நோகாமல் பக்குவமாகச் சொல்லவும். அவளுக்கு இந்த மாமனின் ஆசி எப்போதும் உண்டு.

தங்கள் அன்பு மைத்துனன்,
கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. பிடிபட்ட சின்னசேலத்துக்காரர்களின் வீடுகளுக்குத் தகவல் சொல்ல ஒருத்தர் சைக்கிளில் கிளம்புகிறார், வழியில் மரம் வந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வாராம். அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன். ஆமாம் மாமா, அவரிடமேதான். வேறு ஆள் இல்லை. கவரை ஒட்டக்கூடப் பசை கிடைக்கவில்லை. "உங்களப் பத்திதாங்க எழுதியிருக்கேன், இன்னான்னு கேக்கலியா?" என்றேன். "அது நீங்க அவருக்கு எழுதினதுங்க. எனக்கு எதுக்கு?" என்று சட்டைப்பையில் வைக்கக் கை நீட்டுகிறார். பிரித்தால் தெரியட்டும் என்று மடிப்புக்குள் கொஞ்சம் விபூதி போடப் பார்த்தேன். பிறகு போடவில்லை. தேவைப்படாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. நல்ல வெயிலில் வருவார். மோர் கொடுக்கவும். அமிர்தத்தையே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லவும்.