முகம் தெரிகிற ஒரே படம்

டிசம்பர் 16, 1997
செவ்வாய்க்கிழமை

நம்மூர் ப்ளாஸ்கா வார இதழின் ஆசிரியரும், என் அக்கா மார்லீனைக் கைப்பிடித்த காரணத்தால் எனக்கு அத்தானும் ஆகிய எல்டன் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும், அக்காவின் இடது முழங்காலின் நலமும், கன்று போடப்போகும் பசுவின் நலமும் அறிய ஆவல். இங்கே பனி வாசற்படி வரை கிடக்கிறது. மரியாதை இத்தோடு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வார இதழ் இன்றுதான் கைக்கு வந்தது. முதல் பக்கத்தில், கிறிஸ்துமஸ் கொலாச் ரொட்டி விற்பனை விளம்பரத்துக்கு மேலே, "ஹவ்லிக் அனுப்பிய மோசமான பந்தால் ஆட்டம் போனது" என்று போட்டிருக்கிறீர்கள். நாட்டில் இத்தனை பத்திரிகைகள் இருக்கின்றன, எல்லாமே என் அணித்தோழன் ரெமி ப்ரூசாரின் கை தவறியது என்றுதான் எழுதின. ரெமியே அத்தனை மைக்குகளுக்கு முன்னால் நின்று, "என் கைக்கு வந்த பந்து, நான்தான் விட்டேன்" என்று சொன்னான். பந்தைப் பிடித்து நிறுத்துகிறவனே ஒப்புக்கொண்ட பிறகு, ஐந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்து டிவி பார்த்த என் சொந்த அத்தானுக்கு மட்டும் பழியை என் தலையில் போடத் தோன்றியிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அடுத்த இதழில் மறுப்புப் போட வேண்டும், அதுவும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

என் வேலை என்னவென்று வாசகர்களுக்கு நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நானே எழுதித் தருகிறேன், பிழை திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தில், கோல் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிறவனுக்காக ஒருவன் மண்டியிட்டுப் பந்தைத் தரையில் நிறுத்துகிறான். அது ரெமி. அவன் கைக்குப் பந்தை அனுப்ப இன்னொருவன் வேண்டும். அவன் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே உலகத்தைத் தலைகீழாகப் பார்த்து, ஏழு கெஜம் பின்னால் பந்தைச் சுழற்றி விட வேண்டும். பந்து கையை விட்டுப் போகும்வரை தலையைத் தூக்கக் கூடாது. பந்தின் தையல் உதைக்கிறவன் காலில் படாமல் முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், அதற்காக எத்தனை சுற்று என்று கணக்குப் பண்ணி விட வேண்டும். விட்ட மாத்திரத்தில் முந்நூறு பவுண்டு ஆசாமி ஒருவன் கழுத்தில் வந்து விழுவான். இதைப் பதினோரு வருடம் செய்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்த ஆயிரம் தடவையும் என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் பெயர் வெளியே வந்தாலே தலை போயிற்று என்று அர்த்தம்.

எங்கள் மைதானத்துக் காவல்காரன் ஆறு வருடமாக என்னை வாசலில் நிறுத்தி யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்கிறான். மற்றவர்கள் நடு மைதானத்தில் பயிற்சி செய்ய, உதைக்கிறவனும் ரெமியும் நானும் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொள்கிறோம். தலைமைக் கோச் இந்தப் பதினோரு வருடத்தில் என்னோடு பேசியது ஒரே முறை, "அந்தக் கதவைச் சாத்து" என்று. ஒரு முறை வெளியூரில் பஸ் என்னை விட்டுவிட்டே கிளம்பிவிட்டது. ஐம்பத்து மூன்று பேரில் ஒருவன் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை, ரெமிதான் ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்கி நிறுத்தியிருக்கிறான். எனக்குக் கசக்கிறது அத்தான். பதினோரு வருடம் குனிந்து குனிந்து எனக்கு மிஞ்சியது முதுகுவலியும் நீங்கள் போட்ட தலைப்பும்தான்.

இந்த நேரத்தில் இது ஏன் முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். ஊர் எல்லைப் பலகையில் என் பெயரையும் படத்தையும் போடலாமா என்று வருகிற திங்கட்கிழமை ஊர்ச் சபை கூடுகிறது. இப்போது அந்தப் பலகையில் இருப்பது 1983இல் பரிசு வாங்கிய பூசணிக்காய். சபைச் செயலாளர் டோலோரஸ் ஸ்டெப்பன் அம்மாள் அக்டோபரிலேயே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நீ அனுப்புன ஆறு படத்துலயும் உன் பின்பக்கம்தான்ப்பா தெரியுது. அதை ஊர் வாசல்ல மாட்டி வெச்சா வர்றவங்க என்ன நினைப்பாங்க? மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு அனுப்பு, பாக்கலாம்."

படம் எங்கே இருக்கிறது? பதினோரு வருடத்தில் என்னை எடுத்த எவனும் என் முகத்தை எடுத்ததில்லை, அது எப்போதும் கால்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆடாத நேரத்தில் எடுத்த படம் சபைக்கு ஆகாதாம், ஆட்டத்தில் எடுத்தது வேண்டுமாம். அதனால் ஆட்டம் போன அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படக்காரரிடம் கெஞ்சி எனக்கு நேர் எதிரே உட்காரச் சொல்லியிருந்தேன். கடைசி உதையின்போது அவர் எடுத்துவிட்டார். அருமையான படம், பற்கள்கூடத் தெரிகின்றன. இத்துடன் வைத்திருக்கிறேன். மறுப்போடு சேர்த்து அதையும் போடுங்கள், சபை பார்க்கட்டும். கழுத்துக்குக் கீழே கத்தரித்துவிடுங்கள், பலகைக்கு முகம் போதும்.

மறுப்பு வராவிட்டால் இனி உங்கள் வீட்டு விருந்துக்கு வர மாட்டேன். அக்கா செய்யும் வாத்து வறுவலை உங்கள் செய்தித்தாளில் சுற்றித் தபாலில் அனுப்பிவிடலாம், அந்தத் தாளுக்கு வேறு உபயோகம் எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு என் அன்பு, பிறக்கப்போகும் கன்றுக்கு என் ஆசி, உங்களுக்கு வழக்கமான வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
பழி சுமக்கும் மைத்துனன்,
ட்ராய் ஹவ்லிக்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். ரெமி வந்திருந்தான். இன்று காலை அவனை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்கிறவன், ஐஸ் பெட்டியில் இருந்த இறாலை வீணாக்க மனமில்லாமல் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறான். அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம், காரில் லூயிசியானா வரை போக வேண்டும். வாசலிலேயே நின்று சொன்னான்: "உன் பந்து நல்லாத்தான் வந்துச்சு ட்ராய். குளிர்ல என் கை மரத்துப் போச்சு. நீ இதை மனசுல வெச்சுக்காத." அவன் எனக்காகப் பொய் சொல்லவில்லை, அத்தான். அப்படித்தான் நடந்தது என்று அவன் நிஜமாகவே நம்புகிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுப்புப் போட வேண்டாம். நாட்டிலேயே நீங்கள் ஒருவர்தான் சரியாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூட நாட்களில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று நாலு வருடம் என் பந்தைப் பிடித்த உங்களுக்கு என் தோளைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். படத்தையும் கத்தரிக்க வேண்டாம். கழுத்துக்குக் கீழே பாருங்கள். நான் நிமிர்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், பந்து இன்னும் என் கையில் இருக்கிறது.

இந்தப் படத்தின் இன்னொரு பிரதியைக் கோச்சிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நெடுநேரம் பார்த்தார். "யாருப்பா இது?" என்று கேட்டார். நான் திரும்பி நின்று குனிந்து காட்டினேன். "ஓ, நீயா" என்றார்.

ரெமியைத் திரும்ப அணிக்கு அழைக்க, அவன் காரை வழியில் நிறுத்தச் சொல்லி ஆள் போயிருக்கிறது. அவனுக்குப் பதிலாக என்னை அனுப்பிவிட்டார்கள், நான் திங்கட்கிழமை ஊரில் இருப்பேன், அக்காவிடம் வாத்து வறுவல் செய்யச் சொல்லுங்கள். பலகையில் பூசணிக்காயே இருக்கட்டும். அது படம் எடுக்கிறார்கள் என்று தலையைத் தூக்கவில்லை.