தேங்காய் லாரியில் வந்த அரண்மனை

“உனக்கும் அவங்களுக்கும் ஒரே ரூம்ல ஒத்து வருமா கண்ணு?” என்று கல்லூரி விடுதி வார்டன் என்னிடம் கேட்டார். “உங்கூட்டுல தறி ஓடுது. அவங்கூட்டுல யானை கட்டியிருந்த எடமே தனியா கெடக்குதாம். யோசிச்சுக்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். மார்க் வாங்கிப் பிடித்த விடுதி இடம் அது. யானையே வந்தாலும் பாதி அறை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

வந்தது யானை இல்லை, தேங்காய் லாரி. லோடு இறக்கப் போகிற வழியில் டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து அவளை இறக்கிவிட்டார்கள். பழைய பாளையக்காரர் வம்சத்தின் ஒரே வாரிசு, பட்டுப் பாவாடையில் ஒட்டியிருந்த தேங்காய் நாரைத் தட்டிவிட்டு, “வந்துட்டேனுங்க” என்றாள். நாங்கள் ஏதோ தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தது போல. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் அரண்மனை. “அரண்மனை குளிச்சாச்சா?” “அரண்மனைக்குச் சளி பிடிச்சிருக்குது.” இப்படித்தான் மூன்று வருடம் ஓடியது.

கொங்கு நாட்டில் இன்று இருப்பவர்களிலேயே, தெருநாயைப் பார்த்து “சித்த அக்கட்டால போங்க” என்று சொல்லி, நாயும் போனதை என் கண்ணால் பார்த்தது அரண்மனையிடம் மட்டும்தான். மரியாதை கொடுப்பதில் அவளுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. நாய், தேர்வு மேற்பார்வையாளர், தண்ணீர் வராத குழாய், எல்லாருக்கும் ‘ங்க’தான்.

முதல் தடவை உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனபோது, கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் நாங்கள் எல்லாம் ஓடினோம். அரண்மனைக்கு ஓடித் தெரியாது. நேராக பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை உயர்த்தி, “ஏனுங்க, நில்லுங்க” என்றாள். பஸ் நின்றது. கண்டக்டர் வெலவெலத்து இறங்கி, “செக்கிங்குங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. ஏறோணுமுங்க.”

விடுதியில் பக்கெட் சண்டை வந்தால் முன்பெல்லாம் வார்டனிடம் போகும். அரண்மனை வந்தபின் அவளிடம் போனது. வராந்தாக் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பாள். ஒரு தடவை, முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த இரண்டு பேரை ஒரே பக்கெட்டில் துணி ஊற வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தாள். ஒருத்தியின் சுடிதார் சாயம் போய் இன்னொருத்தியின் துப்பட்டாவில் ஏறியதுதான் மிச்சம் என்றாலும், இருவரும் கீழ்ப்படிந்தார்கள். கொஞ்ச நாளில் வார்டனே சமையல்காரம்மாவின் மீது ஒரு வழக்கோடு வந்து நின்றார்.

கடைசி வருட விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போனேன். பாதி அரண்மனையில் ஓடு சரிந்திருந்தது. மீதிப் பாதியைக் கொப்பரை குடோனாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். தர்பார் மண்டபத்தில் மயில் ஒன்று வாடகை தராமல் குடியிருந்தது. தோப்பும் மரியாதையும்தான் மிச்சம். மரியாதை என்றால் கோயில் மரியாதை. தேர் நோம்பி என்கிற தேர்த் திருவிழாவன்று அந்தக் குடும்பத்துத் தலைவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டிய பிறகுதான் தேர் நகரும்.

சிக்கல் என்னவென்றால், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த இன்னொரு பாளைய வீட்டுக்கும் அதே கோயிலில் பரிவட்டம் உண்டு. யாருக்கு முதலில் கட்டுவது என்பதில் இரண்டு வீட்டுக்கும் பாட்டன் காலத்துப் பகை. ஒரு வருடம் இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் தலையை நீட்டி முட்டிக்கொண்டார்கள் என்றும், தேர் அன்று முழுக்க வெயிலில் நின்றது என்றும் ஊரில் சொன்னார்கள்.

பகையை முடிக்கப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி, அரண்மனையை அக்கரை வாரிசுக்குக் கட்டிவைப்பது. கல்யாணம் முடிந்தால் இரண்டு பரிவட்டமும் மாப்பிள்ளை தலைக்கு. யாருக்கு முதலில் என்ற கேள்வியே இல்லை. கணக்காகத்தான் யோசித்திருந்தார்கள்.

“மாப்ளைய எனக்குப் புடிக்கலாமுங்க, பாத்தாத்தான் தெரியும்,” என்றாள் அரண்மனை என்னிடம். “ஆனா எங்கூட்டு மரியாதைய நான்தான் நின்னு வாங்கோணும். தோப்ப நான்தான் பாக்கறேன். தண்ணி நான்தான் கட்டறேன். தலை மட்டும் ஏன் அடுத்த ஊட்டுத் தலை?”

அவள் அப்பாவிடம் இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கோபப்படவில்லை. “பொம்பளப்புள்ள பரிவட்டம் கட்டி இந்த நாடு பாத்திருக்குதா அம்மணி?” என்று கேட்டுவிட்டு, முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளையைப் பார்த்தது காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில். துணைக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தாள். கயிறு மில் நடத்துகிறவர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றவர், நாங்கள் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் உட்கார்ந்தார். அவர் பப்ஸைக் கடித்த நேரம் பார்த்து அரண்மனை கேட்டாள்: “எங்கூட்டுப் பரிவட்டத்த நானே கட்டிக்கறேனுங்க. உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்குதுங்களே, போதாதுங்களா?”

அவர் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார்: “அந்த ஒண்ணே எனக்குப் பாரமுங்க. ஆனா எங்கப்பாகிட்ட நீங்கதான் சொல்லோணும். அவரப் பாத்தா எனக்குப் பேச்சு வராதுங்க.”

திரும்பும் வழியெல்லாம் அரண்மனை ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆள் பிடித்துவிட்டது. அவர் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல மட்டும் வாய்ப்பே வரவில்லை. கல்யாண நாள்தான் வந்தது.

அவிநாசி ரோட்டில் மண்டபம். பழைய பகை தலைகாட்டக் கூடாதென்று இரண்டு வீட்டிலும் முந்தின நாளே ரகசியமாக ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: நாளைக்கு அவர்களை முன்னால் விட்டு நாம் பின்னால் போவோம். நல்ல முடிவுதான். இரண்டு வீடும் அதையே எடுத்ததுதான் தப்பு.

இரண்டு ஊர்வலமும் வாசலுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. “நீங்க மொதல்ல போங்க” என்றார் அரண்மனையின் அப்பா. “அது மொறையில்லீங்க, நீங்க போங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மீசையைத் தடவிக்கொண்டு. இவர் கையைக் காட்ட, அவர் கும்பிட, இவர் ஒரு அடி பின்வாங்க, அவர் இரண்டு அடி பின்வாங்க, ஊர்வலங்கள் ரோட்டுக்கே போய்விட்டன. முதலில் போகத் தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள், இப்போது பின்னால் போகச் சண்டை போட்டார்கள். நாதஸ்வரக்காரர் மூச்சு முட்டி ஒத்துக்காரரைப் பார்த்தார். சீர் செய்துவைக்க வந்த அருமைக்காரர் முகூர்த்தம் போகிறது என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

காரில் என் பக்கத்தில் இருந்த அரண்மனை, “அம்மணி, இந்த மாலைய சித்த தூக்கிப் புடிங்க” என்றாள். இறங்கினாள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நடந்து, வாசற்படியில் ஏறித் திரும்பினாள்.

“எங்கூட்டுத் தலையா நான் முன்னால போறேனுங்க. அக்கரை ஊட்டுக்காரங்க பொறகால வாங்க.”

மேளம் நின்றுவிட்டது. அவள் அப்பாவுக்கு முகம் வெளுத்தது. மாப்பிள்ளையின் அப்பா மீசையிலிருந்து கையை எடுத்தார். அடுத்து அவர் சொல்வதில்தான் கல்யாணமே இருந்தது.

அவர் வாயைத் திறக்கும் முன், அப்பா முன்னால் பேச்சே வராத அந்த மாப்பிள்ளை தன் காரிலிருந்து இறங்கி, “வாரேனுங்க” என்று சொல்லிக்கொண்டு, அவள் பின்னால் படியேறிப் போனார்.

மகன் போன பிறகு அப்பா நின்று என்ன செய்ய? மாப்பிள்ளையின் அப்பா, அரண்மனையின் அப்பா தோளில் கை போட்டார். “சம்பந்தி, உங்கூட்டுத் தலை உள்ள போயாச்சு. இனி நீங்களும் நானும் யாருக்காக நிக்கறோம்? வாங்க.”

அவள்தான் தலை என்று அக்கரை வீட்டுக்காரர் வாயாலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் நாடு என்ன சொல்லும்? கோயிலில் ஒன்றிரண்டு பேர் முனகியபோது, “சம்பந்தியே சொல்லிப்போட்டாருங்க” என்று அவள் அப்பாவே அவர்கள் வாயை அடைத்திருக்கிறார்.

இந்த வருடத் தேர் நோம்பிக்கு அரண்மனை தலையில் பரிவட்டம். பூசாரிக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. யாருக்கு முதலில் என்று கேட்டால், வீட்டுக்காரர் “அவங்களுக்குங்க” என்கிறாராம். இவள் “அவருக்குங்க” என்கிறாளாம். தேர் நகர்ந்தால் சரி.

நான் இப்போது ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். நோம்பிக்கு லீவு கேட்டபோது, துறைத் தலைவர் காரணம் கேட்டார். சொந்தத்தில் ஒரு விசேஷம் என்று சொல்லி லீவு வாங்கிவிட்டேன்.