சுழலும் பிரிவா, அதிரும் பிரிவா?

எகிப்தில், தமியாத் நகரத்து அரசு தச்சுப் பயிற்சி நிலையத்தில், மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியையும் மாணவர் சொந்தமாகக் கொண்டுவரலாம். ஆனால் அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று அலுவலகம் முதலில் தீர்மானிக்க வேண்டும். நல்ல விதி. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஏனென்றால் இதுவரை யாரும் எதையும் கொண்டுவந்ததில்லை.

முதன்முதலாகக் கொண்டுவந்தவள் இன்சாஃப். பள்ளியில் உயிரியல் டீச்சர். தங்கை பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். அந்தக் குழந்தைக்குத் தன் கையால் ஒரு தொட்டில் செய்வதென்று சாயங்கால வகுப்பில் சேர்ந்திருந்தாள். தொட்டில் ஒருவழியாக நின்றது. ஆனால் தொட்ட இடமெல்லாம் சிலாம்பு குத்தியது. நாலு நாள் உப்புத்தாளால் தேய்த்ததில் மணிக்கட்டு வீங்கியதே தவிர, மரம் வழவழப்பாகவில்லை.

மரம் தேய்க்கிற மெஷின் வாங்கிவிடுவது என்று ஹாஜி கரீபின் கருவிக் கடைக்குப் போனாள்.

"அந்தப் பெருசு என்ன ஹாஜி? பெல்ட் ஓடுதே, ஜோரா இருக்கே."

"அது மெஷின் இல்ல டீச்சரம்மா, டிராக்டர். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள தொட்டில்ல வாய்க்கால் வெட்டிரும். அதோ அந்தச் சதுரம் சாது. ஆனா நீங்க தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள குழந்தை பள்ளிக்கூடம் போயிரும்." ஹாஜி உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ஒன்றை எடுத்து வைத்தார். "முதல் மெஷின்னா இதுதான். சுத்தும், சுத்திக்கிட்டே அதிரும். அதனால கோடு விழாது. வேகத்தைக் குறைச்சுக்கலாம், தூசிக்குப் பை இருக்கு. ஒரே இடத்துல வச்சு அமுக்காதீங்க, அவ்வளவுதான்."

மறுநாள் அவள் அதைப் பயிற்சி நிலைய எழுத்தர் ஃபிக்ரியின் முன் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் பிரித்தார்.

"இது சுத்துமா, அதிருமா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. சுத்தினா துளைபோடும் கருவிப் பிரிவு, மாடியில. அதிர்ந்தா உடம்பு பிடிச்சுவிடுற கருவியோட சேரும். அதுக்குச் சுகாதாரத் துறையில தடையில்லாச் சான்று வாங்கணும்."

"சுத்திக்கிட்டே அதிருதே சார், நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரே மெஷின் ரெண்டு பிரிவுல இருந்தா, அது ரெண்டு மெஷின். நீங்க ஒண்ணுதானே கொண்டுவந்திருக்கீங்க? அந்த இன்னொண்ணு எங்கே?"

இன்சாஃபுக்கு மூன்று வாரம் நடந்து கால் தேய்ந்தது. மாடிக்காரர்கள் அதிர்கிறது என்று கீழே அனுப்பினார்கள். சுகாதாரத் துறையினர் சுற்றுகிறது என்று மேலே அனுப்பினார்கள். தங்கைக்கு மாதம் நெருங்கியது. கடைசியில் இயக்குநர் இஸ்ஸத் தலைமையில் ஆய்வுக்குழு கூடியது. மேற்படி இயந்திரத்தின் இயல்பை நேரில் கண்டறிந்து ஆவன செய்வது என்று தீர்மானமும் நிறைவேறியது.

கண்டறிய ஒரு மரத்துண்டு வேண்டுமே? பயிற்சி நிலையத்தில் பலகை எடுக்க வேண்டுமென்றால் தனி விண்ணப்பம். இயக்குநர் தன் மேசையைத் தட்டினார்.

"இதுல போடுங்க. சுத்த வால்நட் மரம். நானே நேர்ல போய்ப் பார்த்து நிலையத்துக்கு வாங்கினது."

இன்சாஃப் மெல்ல ஓட்டிக் காட்டினாள். பழைய மெழுகு போய் மேசை பளிச்சென்றது. குழுவுக்கே வாயெல்லாம் பல். "குடும்மா, நானும் பார்க்கிறேன்" என்று இயக்குநர் வாங்கினார். வாங்கியவர் கொடுக்கவில்லை.

"சார், அமுக்காதீங்க. ஒரே இடத்துல வேண்டாம்."

"எனக்குச் சொல்லித் தர்றியாம்மா? இருபத்திரண்டு வருஷம் தச்சுத் துறையில இருக்கேன்."

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தொட்ட ஒரே கருவி பேனா. இரண்டு கையாலும் அமுக்கினார். பழுப்பு நிறத் தூள் வந்தது. பிறகு வெளுப்பாக வந்தது. பிறகு தவிடு மாதிரி உதிர்ந்தது.

ஃபிக்ரி எட்டிப் பார்த்துப் பணிவோடு சொன்னார்: "சார், வால்நட் முடிஞ்சிருச்சு."

மேலே அப்பளக் கனத்துக்கு வால்நட் தோல். அதற்குக் கீழே அடிவரைக்கும் அழுத்தி ஒட்டிய மரத்தூள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இயக்குநர் அதை நிறுத்த மறந்துவிட்டார்.

"இப்ப இதுதான் ஃபேஷன்" என்றார் ஒருவழியாக. "மேசை பழசா, அடிபட்ட மாதிரி தெரியணுமாம். கெய்ரோவுல காசு குடுத்துச் சுரண்டுறாங்க."

"ஆமாம் சார்" என்றது குழு. இரண்டு பேர் தங்கள் மேசையையும் அப்படிச் சுரண்டித் தரச்சொல்லி அப்போதே மனுப் போட்டார்கள். இயக்குநர் அந்த மனுக்களை அப்போதே தள்ளுபடி செய்தார்.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. "மேற்படி இயந்திரம் சுழல்வதாகவோ அதிர்வதாகவோ குழு கருதவில்லை. அது வெளிப்படுத்துகிறது. வெளிப்படுத்தும் கருவிகளுக்கு இந்நிலையத்தில் பிரிவு கிடையாது. பொதுமக்களின் நம்பிக்கையை முன்னிட்டு, உடனடியாக வீட்டுக்கு எடுத்துச் செல்லவும்."

இன்சாஃப் மெஷினையும் தொட்டிலையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பால்கனியில் வைத்து முக்கால் மணி நேரம் ஓட்டினாள். தொட்டில் வெண்ணெய் போல வந்தது. அடுத்த வாரமே தங்கைக்குப் பெண் பிறந்து அதில் படுத்துத் தூங்கியது. இயக்குநர் மேசைக் கதையை இன்சாஃப் பள்ளி முழுக்கச் சொன்னாள். தவிடு உதிர்ந்த கட்டத்தை நடித்துக்கூடக் காட்டினாள். வெள்ளிக்கிழமை விருந்தில் மறுபடியும் சொல்லி, சொந்தக்காரர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள்.

எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவன் அவள் கணவன் ஹில்மி. விருந்தாளிகள் போனதும் அவனே மெஷினை எடுத்து வந்து படுக்கையறையில் சொருகினான்.

"இன்சாஃப், இந்தப் பீரோ மங்கிப் போச்சு பாரு. ஒரு தேய் தேய்ச்சா புதுசாயிரும். உங்க அப்பா சீர் குடுத்தது, முழு வால்நட். கல்யாணத்தன்னைக்குச் சீர்ப் பட்டியல்ல அப்படித்தானே எழுதியிருந்தது? நானே படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேனே."

இன்சாஃப் பீரோவைப் பார்த்தாள். வால்நட்டாகத்தான் இருக்கும். அப்பா நேர்மையான மனுஷர். ஆனால் அவருக்குக் கட்டிக்கொடுக்க ஐந்து பெண்கள்.

"எந்தப் பக்கம் ஆரம்பிக்கட்டும்?" என்றான் ஹில்மி.

அவள் வயரைப் பிடுங்கி, நிதானமாகச் சுற்றினாள்.

"சும்மா எடுத்தவுடனே தேய்ச்சிர முடியாதுங்க" என்றாள். "இதெல்லாம் ஆராய்ஞ்சு முடிவு பண்ண வேண்டிய விஷயம். எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."