உன் புருஷன் கதவைத் திறப்பதில்லை என்பது பற்றி

அன்பு மருமகளுக்கு, மாமனார் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முப்பது வருஷம் நகரசபையில் புகார் மனுக்களைப் படித்தவனுக்குச் சட்டென்று பொய் எழுத வரவில்லை. உன் பெற்றோரை விசாரித்ததாகச் சொல்லவும்.

"கதவு திறக்கக்கூட நான் வரணுமா? நான் என்ன உங்க வாட்ச்மேனா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, அது நியாயமான கேள்விதான். தீப்பிடித்த குண்டுவீச்சு விமானத்தின் கதவைத் திறந்து, கூட வந்த மூன்று பேரைக் குதிக்க வைத்துவிட்டுக் கடைசியாகக் குதித்தவன், அதற்குப் பதக்கம் வாங்கியவன், பதினான்கு மாதம் எதிரியிடம் சிறையிருந்து வீடு திரும்பியதும், சும்மா சாத்திய கதவுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்றால் தலைக்கனம் என்றுதானே தோன்றும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீ போன மறுநாள் பாராட்டு விழா. மேடைக்குப் பக்கத்து அறையில் அவனை உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மூன்று முறை பெயரைக் கூப்பிட்டாயிற்று, பாண்டுக்காரர்கள் ஒரே பாட்டை நான்கு முறை வாசித்தாயிற்று, ஆள் வரவில்லை. நேரத்தை ஓட்ட என்னைப் பேசச் சொன்னார்கள். வாய்க்கு வந்ததைப் பேசி, சாக்கடை அடைப்பு வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் கூட்டுகிற அம்மாள் விளக்குமாறு எடுக்க அந்த அறையைத் திறந்தாள். சட்டை மடிப்புக் கலையாமல் கதவுக்கு நேரே நின்றிருந்தவன், "ரொம்ப நன்றிங்க" என்றானாம்.

அது தலைக்கனம் இல்லை, அவனால் கதவைத் தொட முடியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மூளைக்கு எட்டிய வரையில், தச்சரைக் கூப்பிட்டு வீட்டுக்குள் இருக்கும் எல்லாக் கதவையும் கழற்றச் சொன்னேன். குளியலறையில் ஆள் இருப்பது தெரிய உன் அத்தை பாடிக்கொண்டே குளிக்கிறாள். எனக்குப் பாட வராது, நான்கு நாளாகக் குளிக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு அவன் வெறும் நிலைச்சட்டத்துக்கு முன்னாலும் போய் நின்றான்.

"டேய், கதவே இல்லடா!" என்று கத்திவிட்டேன்.

"தெரியுதுப்பா, கால்தான் நின்னுடுது. அங்க ஜெயில்ல கதவ நாம தொடக் கூடாது. காலைல காவல்காரர் வந்து திறந்து, 'தூங்கினியா'ன்னு கேப்பார். அவர் ஊர்லதான் நான் குண்டு போட்டேன். 'உங்க வீட்டுக் கதவு இன்னும் இருக்கா'ன்னு அவர்கிட்ட கேக்கணும்னு தெனமும் நெனப்பேன். கேக்கவே இல்ல."

அடுப்பில் பாலே இல்லாத நேரத்தில், பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். பெற்றவனே கேட்காமல் இருந்துவிட்டேன், உன்னை என்ன குறை சொல்வது? அவன் தினமும் நீ எப்போது வருவாய் என்றுதான் கேட்கிறான். கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு உடனே புறப்பட்டு வா.

உன் அத்தை குளியலறையிலிருந்து பாட்டாகவே ஆசி சொல்கிறாள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: நீ வராதே. இன்று தச்சர் கதவுகளைத் திரும்ப மாட்ட வந்தார். விஷயம் தெரியாமல், "தம்பி, கொஞ்சம் தள்ளிப் பாருங்க, கீல் முனகுதா?" என்று அவனிடம் கேட்டுவிட்டார். அவன் கையை வைப்பதற்குள் தச்சர் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். ஆனால் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை தனியாக உன்னைப் பார்க்க வருகிறான், அதற்குள் இந்தக் கடிதம் கிடைத்துவிடும். வாசல் கதவைத் தாழிடாமல் சாத்தி வை. எவ்வளவு நேரம் நின்றாலும் போய்த் திறந்துவிடாதே. உள்பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு நீயும் காத்திரு.