முப்பத்தாறு பீச் கட்டைகளும் என் ஸ்பாஞ்சும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வாடகைக் கொட்டகையில் ஆரம்பித்து, சொந்தமாக இரண்டு சூளை. மாடியோடு ஒரு வீடு. இந்த இடத்தில் நிற்காது என்று ஒரு எஞ்சினியர் சொன்ன புகைபோக்கி (அது நிற்கிறது, எஞ்சினியர்தான் ஊரில் இல்லை). என் மகனுக்கு பி.எச்டி. படிக்கிற மனைவியையும் நான்தான் பார்த்து முடித்தேன், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவையும் கட்டியவன், ஒரே ஒரு காலை நேரத்தில் அந்த பி.எச்டி.யை இடிக்கப் பார்த்தேன்.

மருமகள் பெயர் கயல்விழி. படிப்பது பீச் மரத்தைப் பற்றி (பழம் தருகிற பீச் வேறு, இது வேறு). ஐரோப்பாவில் வளர்கிற மரமாம், கப்பலில் நம் நாட்டுக்கு வந்து நாற்காலியும் கட்டிலும் ஆகிறது. பார்க்க லட்சணம், ஆனால் ஈரம் பட்டால் ஊதிப்போகும். அதைக் காற்றுப் புகாத அடுப்பில் பதமாக வாட்டினால் ஊதுவது குறையும். எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு குறைகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆறு பலகை எடுத்து, பலகைக்கு ஆறு கட்டையாக, தீப்பெட்டி அளவில் அறுத்திருந்தாள். ஆறில் ஒன்று பச்சையாக, மற்ற ஐந்தும் ஐந்து விதமான சூட்டில் வாட்டியவை. அதனால் அவல் நிறத்தில் தொடங்கி டிகாஷன் நிறம் வரை ஒரு வரிசை இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் நூலில் கட்டிய நம்பர் சீட்டு. தினமும் காலையில் எடை போட்டு, காற்றிலிருந்து எது எவ்வளவு ஈரம் குடித்தது என்று எழுத வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது என்பதால், லீவுக்கு வந்தபோது தராசையும் தட்டையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள்.

அன்று எடை போட்டு முடித்துவிட்டு, அவள் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து என்று கருவேப்பிலங்குறிச்சிக்குக் கிளம்பினாள்.

"மாமா, சாயந்திரம் வந்துடுவேன். தட்டு மேல தூசி மட்டும் விழாம பாத்துக்குங்க. எடை மாறிடும்."

"தூசியப் பத்தி எனக்கா சொல்ற? நீ போயிட்டு வாம்மா."

பத்து மணிக்குத் தட்டைப் பார்த்தேன். வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் வீட்டில் தூசியை யாரும் கூப்பிட வேண்டாம், கொட்டகையிலிருந்து அதுவே வரும். சூளையில் முதல் தடவை வெந்த பீங்கான் கப்பை, பளபளப்புப் பூசுவதற்கு முன் ஈர ஸ்பாஞ்சால் துடைப்போம். தூசி இருந்தால் பூச்சு ஒட்டாது. முப்பது வருஷமாகத் தூசி என்றால் என் கை ஸ்பாஞ்சைத்தான் தேடும். தேடியது.

ஒரு பக்கெட் நல்ல தண்ணீர், ஒரு புது ஸ்பாஞ்சு. சீட்டுகள் நனைந்துவிடுமே என்று, கத்தரிக்கோலால் முப்பத்தாறு நூலையும் அறுத்து, சீட்டுகளை ஒரு டம்ளரில் பத்திரமாகப் போட்டேன். (ஒரு சீட்டுகூடத் தொலையவில்லை.) கறுத்திருந்த கட்டைகளை அழுக்கு என்று நினைத்து இரண்டு முறை கழுவினேன். மாடியில் வெயிலில் உலர்த்தினேன். பிறகு அழகுக்காக ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கி, என் மனைவி தனலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏங்க, அந்தப் பொண்ணு கழுவவா சொல்லிச்சி?"

"தூசி இருக்கக்கூடாதுன்னுச்சி."

"விழாம பாத்துக்கச் சொன்னா, விழுறவரைக்கும் பாத்துட்டு, அப்புறம் குளிப்பாட்டி வுட்டிருக்கீங்க."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் கயல் வந்தாள். தட்டைப் பார்த்தாள். "மாமா, சீட்டு எங்க?" என்றாள். டம்ளரைப் பெருமையாக நீட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"ஈரம் காய வச்சிடலாம் மாமா. எது எதுன்னு தெரியலன்னா இத்தினி மாசம் எழுதுன நோட்டு பழைய பேப்பருக்குத்தான். அடுத்த வாரம் ப்ரொபசர் முன்னாடி போயி நிக்கணும்."

"சூளை சூளைன்னு ஊரு பூரா பேசுவீங்களே, இப்பப் பேசுங்க" என்றாள் தனலட்சுமி.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. (தோசைதான் இறங்கியது. அதிலும் ஒன்று குறைத்துக்கொண்டேன்.)

மறுநாள் காலை கயல் ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். கட்டையின் முனையில் வளையக் கோடுகள் பலகைக்குப் பலகை வேறாக இருக்குமாம். அதை வைத்துக் கட்டைகளை ஆறு பலகையாகப் பிரித்துவிட்டாள். ஒரே பலகைக் கட்டைகளில் எது எந்தச் சூடு என்பதில்தான் மாட்டிக்கொண்டாள்.

"இது ரெண்டும் ஒரே கலரா இருக்குது அத்தை."

டீயோடு நின்றுகொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்க ஒரே கலரு? இடது கைல இருக்கிறது ஒரு சூடு கம்மி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா மாமா?"

"வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டா."

வெந்த பொருளின் நிறத்தைப் பார்த்து, சூளையின் எந்த மூலையில் சூடு குறைந்தது என்று சொல்லிப் பிழைத்தவன் நான். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சொன்னேன், அவள் சீட்டைக் கட்டினாள். பாதியில் தனலட்சுமி, "தப்பாச் சொன்னா அந்தப் புள்ள படிப்பு போச்சி. தெரிஞ்சிதான் சொல்றீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கயல் படிக்கிற ஊருக்குத் திரும்பி, எல்லாவற்றையும் அடுப்பில் முழுக்க உலர்த்தி, நோட்டில் ஒவ்வொரு கட்டைக்கும் முதன்முதலில் எழுதியிருந்த உலர்ந்த எடையோடு ஒப்பிட்டாள். பல கட்டைகள் கிட்டத்தட்ட ஒரே எடை என்பதால், எடையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாதாம், கட்டிய சீட்டு சரியா என்று பார்க்கத்தான் உதவுமாம். அதற்கு ஆன மூன்று நாளும் போன் அடித்தால் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தனலட்சுமிதான் எடுத்தாள். ஸ்பீக்கரில் கயல் குரல் கேட்டது.

"முப்பத்தி நாலு கரெக்ட். ரெண்டு மட்டும் இடம் மாறிப் போச்சி, சரி பண்ணிட்டேன். மாமாவுக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க அத்தை."

டீ வந்தது. சர்க்கரை தூக்கலாகவே இருந்தது.

பழைய நோட்டு பிழைத்தாலும், கட்டைகள் நனைந்துவிட்டதால் அப்போது நடந்துகொண்டிருந்த ஈரம் குடிக்கிற சோதனையை மட்டும் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ப்ரொபசர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கூடுதலாக ஒரு மாதம் கொடுத்தாராம். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் புதுச் சேலை எடுத்தாலும், "அவர் கண்ல படறதுக்குள்ள உள்ள வை, சீட்ட அறுத்துக் குளிப்பாட்டிடுவாரு" என்கிறார்கள். உறவுக்காரர்கள் வரை இது பரவிவிட்டது.

அதை நான் பொறுத்துக்கொள்வேன். போன மாதம் அச்சாகி வந்த ஆராய்ச்சிப் புத்தகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில், டீ போட்டுக் கொடுத்த தனலட்சுமிக்குக் கீழே, "ஊக்கமளித்த மாமனார்" என்று இருக்கிறது. நான் ஊக்கமா அளித்தேன்? நிறம் பார்த்துச் சொன்னவன் இன்னார் என்று உள்ளே, கட்டைகளைப் பற்றி எழுதிய இடத்திலேயே, என் முழுப் பெயரோடு வர வேண்டும். இடம் மாறிய இரண்டு கட்டைகளையும் தாராளமாகக் குறிப்பிடட்டும். அந்த இரண்டிலும் தவறியது தராசுதான் என்பது என் கருத்து. அதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.